சீரில் சேராத செடிகள்

சங்ககிரி
6.5.2024

சம்பந்தி பூவாத்தாள் அவர்களுக்குச் செல்லாயி எழுதுவது.

சுகமா என்று நான் கேட்கவில்லை. நீங்களும் என்னைக் கேட்க வேண்டாம். போன் போட்டால் நீங்கள் எடுப்பதில்லை. எடுத்தாலும் நான் பேச மாட்டேன், கத்துவேன். எழுதினால் கை வலிக்கும்போதாவது நிறுத்துவேன். அதற்காக எழுதுகிறேன். அஞ்சாவதோடு நின்றவள் எழுத்து. தப்பு இருந்தால் சிரித்துக்கொள்ளுங்கள்.

நேற்று உங்கள் அண்ணன் வேலுமணி இங்கே டயர் கடையில் எங்கள் வீட்டுக்காரரைப் பார்த்திருக்கிறார். "ஏனுங், சபரிக்கு ஒரு எடம் அமைஞ்சிருக்குதுங்க. ஆனியில பொண்ணு ஊட்டுக்காரங்க ஊடு பாக்க வாராங்க. ஜேசிபிக்குச் சொல்லியாச்சு, முன்னால இருக்கற பொதரெல்லாம் போயிரும்" என்றாராம். எங்கள் வீட்டுக்காரர் வந்து சொல்லிவிட்டு, சோற்றைத் தொடாமல் லாரிக்குப் போய்ப் படுத்துக்கொண்டார்.

என் சௌமியா போய் ஆறு மாசம் ஆகிறது. சபரிநாதனுக்கு வேறு பெண் பாருங்கள். வேண்டாம் என்று சொல்ல நான் யார். ஆனால் பொதர் என்று எதைச் சொன்னார் உங்கள் அண்ணன்?

அவள் உங்கள் வீட்டுக்கு வந்தபோது அந்த முன்வாசல் இடத்தில் சீமைக்கருவேலமும் வீடு கட்டின மிச்சக் கல்லும்தான் கிடந்தன. கருவேலத்தை வேரோடு தோண்டி எடுத்தவள் அவள். கையில் முள் ஏறி, சீழ் பிடித்து, ஒரு வாரம் இடது கையால் சாப்பிட்டாள். வழியோரம் தும்பையும் துத்தியும், நடுவில் ஆவாரை, பின்னால் நொச்சி, மேற்கே கிளுவை வேலி என்று பார்த்துப் பார்த்து வைத்தாள். மிச்சக் கல்லைக்கூட வீசவில்லை. அரணைக்கும் ஓணானுக்கும் இடம் வேண்டும் என்று மூலையில் குவித்தாள். மற்ற பெண்கள் அம்மா வீட்டிலிருந்து புளியும் பருப்பும் கொண்டு போவார்கள். இவள் எங்கள் காட்டு வரப்பில் குனிந்து குனிந்து விதை பொறுக்கிக்கொண்டு போவாள். "எதுக்கு சாமி இதெல்லாம்? ரோட்டுல மொளைக்கறதை ஊட்டுல வெக்கற" என்று கேட்டால், "ரோட்டுல இனி எங்கம்மா மொளைக்கும்? ஆறு வழிச்சாலை போடறாங்க. பூச்சியும் குருவியும் எங்க போகும்?" என்பாள்.

ஜேசிபியை நிறுத்துங்கள். ஐப்பசி மழை பிடிக்கட்டும். மண் இளகியதும் நானே வந்து தோண்டி எடுத்துக்கொள்கிறேன்.

காய்ச்சலில் கிடந்தவளை நாலு நாள் வீட்டில் வைத்துக் கசாயம் கொடுத்தீர்கள். அதை நான் மறக்கவில்லை. அவளைத்தான் காப்பாற்றவில்லை. அவள் வைத்ததையாவது விட்டுவையுங்கள்.

இப்படிக்கு
செல்லாயி


புதுச்சத்திரம்
14.5.2024

சங்ககிரி சம்பந்திக்கு,

உங்கள் கடிதம் வந்தது. தபால்காரர், "இந்தக் காலத்துல கடுதாசியா? யாருங்க்கா எழுதறது?" என்று கேட்டார். "வேண்டாதவங்க" என்றேன்.

பொதர்தான். பொதரைப் பொதர் என்றுதான் சொல்வார்கள். இந்தத் தெருவில் எல்லார் வீட்டு முன்னாலும் குரோட்டன்ஸ் இருக்கிறது, கொரியன் புல் இருக்கிறது. எங்கள் வீட்டு முன்னால் ஆவாரை. "ஏனுங்க்கா, ஆடு வாங்கப் போறீங்களா?" என்று கேட்காத ஆள் இல்லை. ஆவாரையில் விரல் நீளத்துக்குப் பச்சைப் புழு. அடித்துப் போடவும் விட மாட்டாள். "அது பட்டாம்பூச்சிங்க அத்தை, பத்து நாள் பொறுத்துக்கங்க" என்பாள். பத்து நாளில் செடியில் இலை இருக்காது. அரணை அடுப்படிக்கு வந்தது. கீரி ஒன்று கல் குவியலில் குடியிருந்தது. பாம்புச் சட்டையை எடுத்து வந்து என்னிடமே காட்டினாள், என்னவோ பட்டுச் சேலை வாங்கி வந்த மாதிரி.

இதெல்லாம் நான் பொறுத்தேன். பறவைக்கு என்று மண் தட்டில் தண்ணி வைத்தாளே, எட்டுத் தட்டு, அதைத்தான் பொறுத்திருக்கக் கூடாது. டெங்கு என்றதும் ஆஸ்பத்திரியில் டாக்டர் முதலில் கேட்டது, "வீட்டைச் சுத்தித் தண்ணி நிக்குதா?" என்றுதான். என் மகன் தலையைக் குனிந்துகொண்டான். நீங்கள் என்னைக் கேட்கிறீர்கள். நான் யாரைக் கேட்பது? மடியில் விதை கட்டி அனுப்பினவரைத்தானே?

ஐப்பசி வரை காத்திருக்க முடியாது. முகூர்த்தம் ஆவணியில்.

உங்கள் சீர் எல்லாம் முப்பதாம் நாளே டெம்போவில் ஏற்றி அனுப்பியாகிவிட்டது. பீரோ, கட்டில், அண்டா, குத்துவிளக்கு எல்லாம். உங்கள் வீட்டுக்காரர் பார்த்துத்தான் இறக்கினார். எங்கள் வீட்டில் இனி உங்கள் பொருள் ஒன்றும் இல்லை.

பூவாத்தாள்


சங்ககிரி
20.5.2024

சம்பந்திக்கு,

இருக்கிறது. செடி இருக்கிறது.

பிள்ளை இல்லாமல் போன பெண்ணின் சீர் பிறந்த வீட்டுக்குத் திரும்ப வேண்டும் என்பது எங்கள் வழக்கம் மட்டும் இல்லை, உங்கள் வழக்கமும்தான். நீங்கள் ஒரு கரண்டி விடாமல் அனுப்பினீர்கள். மூடி உடைந்த சோப்பு டப்பா வந்தது. பாதி தேய்ந்த சீப்பு வந்தது, அதில் அவள் முடி இருந்தது. அப்படித் துடைத்து அனுப்பினவர் செடியை மட்டும் ஏன் வைத்துக்கொண்டீர்கள்?

அந்த வேலிக்கு நட நாற்பது கிளுவைக் கிளை, ஒவ்வொரு போத்தும் நான் என் அரிவாளால் வெட்டியது. ஆடி மாசம் கட்டாகக் கட்டிப் பஸ்ஸில் ஏற்றினேன். கண்டக்டர் ஏற்ற மாட்டேன் என்றார். "பொண்ணுக்குச் சீர் கொண்டு போறனுங்க" என்றேன். "முள்ளையா?" என்று கேட்டுச் சிரித்தார். அப்போதே நான் அதைச் சீர் என்றுதான் சொன்னேன். ஆவாரை விதை என் வரப்பில் எடுத்தது. நொச்சி என் கிணற்றடியில் எடுத்தது. அதனால் அது சீர். நீங்கள் அழிப்பது என் சீரை.

கொசு பேச்சுக்கு வருகிறேன். தட்டுத் தண்ணியில் கொசு என்கிறீர்கள். தினமும் காலையில் பல் விளக்குவதற்கு முன்னால் அந்த எட்டுத் தட்டையும் தேங்காய் நாரால் தேய்த்துப் புதுத் தண்ணி ஊற்றுவாள் அவள். உங்கள் வீட்டுக்குப் பின்னால் சபரியின் பழைய லாரி டயர் இருபது அடுக்கியிருக்கிறதே, அதில் நின்ற மழைத் தண்ணியை யார் கொட்டினார்கள்? அதை எடுக்கச் சொல்லி அவள் ரெண்டு தடவை கேட்டாள். "எடத்தை அடைக்கறது உன்ற பொதரா, என்ற டயரா?" என்று சபரி கேட்டானாம். நீங்களும் சேர்ந்து சிரித்தீர்களாம். அவள் என்னிடம் போனில் சொன்னாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அவள் சிரித்தது எனக்குப் பிடிக்கவில்லை.

ஐப்பசி முடியாது என்றால் இப்போதே வருகிறேன். வெயிலில் பிடுங்கினால் பாதி சாகும், தெரியும். மீதிப் பாதி எனக்குப் போதும். தேதி சொல்லுங்கள்.

செல்லாயி


புதுச்சத்திரம்
27.5.2024

சம்பந்திக்கு,

ஜூன் 9, ஞாயிறு. காலை ஆறு மணியிலிருந்து சாயங்காலம் ஆறு மணி வரை. சபரி ஊரில் இருக்க மாட்டான், லோடு போகிறான். நான் வெளியே வர மாட்டேன், நீங்கள் உள்ளே வர வேண்டாம். தாகம் எடுத்தால் குழாய் வெளியே இருக்கிறது.

வாசலைச் சுற்றிப் போன மாசம்தான் சிமெண்டு போட்டிருக்கிறது. டெம்போவை அதன் மேல் ஏற்றாதீர்கள்.

நீங்கள் எடுத்தது போக நிற்பதை மறுநாள் ஜேசிபி எடுக்கும். அதன் பிறகு சீர், வழக்கம் என்று எனக்கு ஒரு வரி எழுதக் கூடாது.

டயரை எடுத்துவிட்டோம். கார்த்திகையிலேயே எடுத்துவிட்டோம்.

பூவாத்தாள்


சங்ககிரி
11.6.2024

பூவாத்தாளுக்கு,

இனி சம்பந்தி என்று எழுத மாட்டேன்.

எங்கள் காட்டு மண்ணைச் சாக்கில் நிரப்பி, ஈரத் துணி எடுத்து, கடப்பாரை, மண்வெட்டி எல்லாம் எடுத்து வந்தேன். செடி நட ஐம்பது குழி இங்கே தோண்டி வைத்துவிட்டு வந்தேன். ஐம்பத்து மூணு வயசில், இந்த வெயிலில், நான் ஒருத்தி தோண்டினேன்.

முதல் ஆவாரையைத் தொட்டதும் கையோடு வந்துவிட்டது. கடப்பாரைக்கு வேலையே இல்லை. வேர் கறுப்பு. பிடித்தால் தோல் வழுக்கிக்கொண்டு வருகிறது. முகர்ந்து பார்த்தேன், செத்த எலி நாற்றம். அடுத்ததும் அப்படி. அதற்கு அடுத்ததும். நொச்சி இலை எல்லாம் மஞ்சள். துத்தி இருந்த இடம் தெரியவில்லை. கிளுவைப் போத்தை அழுத்தினால் பழம் மாதிரி அமுங்குகிறது. கல் குவியல் சேற்றில் நிற்கிறது. அரணையும் இல்லை, ஒன்றும் இல்லை. நாலைந்து தவிட்டுக்குருவி மட்டும் வந்து சேற்றைக் கிளறிவிட்டுக் கத்திக்கொண்டு போயின.

மருந்து ஊற்றினீர்கள். களைக்கொல்லி ஊற்றிவிட்டு, வாடை போகத் தண்ணியை விட்டு அலசியிருக்கிறீர்கள். அதுதான் அவ்வளவு சேறு. உங்களுக்கு இது புதுசா? ஆவாரைப் புழுவுக்கு ஒரு தடவை மருந்து அடித்தீர்களே. அன்றைக்குப் பூராவும் அவள் சாப்பிடவில்லை. செத்த புழுவைப் பொறுக்கிப் பொறுக்கி முறத்தில் போட்டதாகச் சொன்னாள்.

என்னிடம் கொடுக்க மனசில்லை என்றால் ஜேசிபியிலேயே அழித்திருக்கலாம். வா என்று தேதி கொடுத்து, வரவைத்து, நான் ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்ப்பதை உள்ளே இருந்து பார்த்தீர்கள். திரை ஆடியது. நான் பார்த்தேன்.

பத்து மணிக்கே கிளம்பிவிட்டேன். டெம்போக்காரர், "ஏனுங்க்கா, ஒண்ணுமே ஏத்தலீங்களா?" என்றார். "ஏத்தறதுக்கு ஒண்ணும் வெக்கலீங்க" என்றேன். இங்கே ஐம்பது குழி வாயைத் திறந்துகொண்டு கிடக்கிறது. கருமாதி அன்றைக்கு எல்லார் முன்னாலும் உங்களைக் கொலைகாரி என்றேன். பிறகு, அவ்வளவு தூரம் பேசியிருக்க வேண்டாமோ என்று நினைத்ததுண்டு. இனி நினைக்க மாட்டேன். நீங்கள் அதுதான்.

செல்லாயி


புதுச்சத்திரம்
19.6.2024

செல்லாயிக்கு,

மருந்து ஊற்றவில்லை. தண்ணிதான் ஊற்றினேன்.

நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் போங்கள். அவள் போன பிறகு மழைக்காலம் முடியும் வரை நான் அந்தப் பக்கம் போகவே இல்லை. மாசியில் ஒரு நாள் ஜன்னலைத் திறந்தேன். கிளுவை மொட்டையாக நிற்கிறது. ஆவாரையில் கீழ் இலை எல்லாம் கொட்டியிருக்கிறது. எனக்குத் தெரியாதா? நானும் காட்டுக்காரர் மகள்தான். ரோட்டோரத்து ஆவாரைக்கு யார் தண்ணி ஊற்றுகிறார்கள்? கோடையில் கிளுவை மொட்டையாகும், மழைக்குத் துளிர்க்கும். எல்லாம் தெரியும்.

தெரிந்தாலும், தினமும் எழுந்து பார்த்தால் முந்தின நாளைவிட இலை குறைவாக இருக்கிறது. ஒருத்தி அப்படித்தான் நாளுக்கு நாள் குறைந்து என் கண் முன்னால் போனாள். மறுபடியும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார என்னால் முடியவில்லை. மோட்டாரைப் போட்டுக் குழாயைத் திறந்துவிட்டேன். காலையில் ஒரு மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம். சபரி கேட்டான், "அழிக்கப் போற பொதருக்கு எதுக்கும்மா போர் தண்ணி?" என்று. "புழுதி பறக்குது, அதுக்கு" என்றேன்.

நீங்கள் எடுக்க வருகிறேன் என்று எழுதியதும் மத்தியானத்திலும் விட்டேன். வந்து பார்த்து, "காயப் போட்டுட்டா" என்று நீங்கள் சொல்லக் கூடாது. அவ்வளவுதான் நினைத்தேன். சுற்றிச் சிமெண்டு போட்டதில் தண்ணி வெளியே போக வழி இல்லாமல் போனது என் புத்திக்கு எட்டவில்லை. இலை மஞ்சளாக ஆகஆக, தண்ணி பத்தவில்லை என்று இன்னும் விட்டேன்.

திரை ஆடியது என்றீர்கள். ஆமாம், நான்தான். முதல் செடி உங்கள் கையோடு வந்தபோதுதான் எனக்கே தெரிந்தது.

ஜேசிபி திங்கட்கிழமை வந்தது. திருப்பி அனுப்பிவிட்டேன். சபரி என்னோடு பேசுவதில்லை.

இன்னொன்று. இதை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். கொலைகாரி என்று ரெண்டாவது தடவை சொல்லியிருக்கிறீர்கள். அதனால் எழுதுகிறேன். காய்ச்சல் வந்த ரெண்டாம் நாள் சௌமியா உங்களுக்குப் போன் போட்டாள். படுத்துக்கொண்டு ஸ்பீக்கரில் போட்டாள். நான் கதவு ஓரம் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். "அம்மா, அத்தை ஆஸ்பத்திரிக்குப் போலாங்கறாங்க" என்றாள். நீங்கள் சொன்னீர்கள், "அங்க போனா ஊசியாக் குத்திப் போடுவாங்க சாமி. நெலவேம்புக் கசாயம் வெச்சுத் தரச் சொல்லு. மூணு நாள்ல எறங்கீரும். உனக்குச் சின்னதுல இருந்தே அதுதான் கேக்கும்" என்று. பெற்றவள் சொல்கிறாளே என்று வைத்துக் கொடுத்தேன். மூணு நாள் கொடுத்தேன்.

கருமாதி அன்று நீங்கள் என்னைப் பேசியபோது நான் வாயைத் திறக்கவில்லை. என் மகனிடம்கூட இன்று வரை சொல்லவில்லை.

பூவாத்தாள்


சங்ககிரி
30.6.2024

சம்பந்தி பூவாத்தாள் அவர்களுக்கு,

சொன்னேன். நான்தான் சொன்னேன்.

ஸ்பீக்கரில் போட்டிருந்தது எனக்குத் தெரியாது. எனக்கும் அவளுக்கும் மட்டும் தெரிந்த பேச்சு என்று இருந்தேன். அவள் போன பிறகு, எனக்கு மட்டும் என்று இருந்தேன். எங்கள் வீட்டுக்காரருக்குத் தெரியாது. உங்கள் கடிதத்தை அவர்தான் வாங்கி வந்து கொடுத்தார். "என்ன எழுதியிருக்காங்க?" என்று கேட்டார். "திட்டியிருக்காங்க" என்றேன். ஒரு வாரம் ஆகிவிட்டது. இன்னும் சொல்லவில்லை. நீங்கள் ஏழு மாசம் வாயை மூடியிருந்தீர்கள், எனக்காக. அது எனக்குப் பிடிக்கவில்லை. நீங்கள் அன்றைக்கே எல்லார் முன்னாலும் சொல்லியிருந்தால் நான் செத்திருப்பேன், இல்லை தெளிந்திருப்பேன்.

இதனால் நான் உங்களிடம் சமாதானம் ஆகிவிட்டேன் என்று நினைக்காதீர்கள். கசாயம் என் வாயிலிருந்து வந்தது. நாலாம் நாள் காலையில் மூக்கில் ரத்தம் வந்த பிறகும், சபரி லோடு இறக்கிவிட்டு வரட்டும் என்று சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தீர்களே, அது நான் சொன்னது இல்லை. அதை நான் தூக்கமாட்டேன். அது உங்களோடது.

சீர் பேச்சை விட்டுவிடுகிறேன். குழியை மூடிவிட்டேன். அது அங்கே வைத்தது. பிழைத்தாலும் அங்கேயே பிழைக்கட்டும், செத்தாலும் அங்கேயே சாகட்டும்.

தண்ணியை நிறுத்துங்கள். ஒரு சொட்டு விடாதீர்கள். கிழக்குப் பக்கம் தாழ்வு, அங்கே ஒரு முழம் சிமெண்டை உடைத்துவிட்டால் சேறு வடியும். பட்டுப்போன செடியைப் பிடுங்க வேண்டாம், தரையோடு வெட்டிவிடுங்கள். அடித்தூர் உயிரோடு இருந்தால் மழைக்குக் கிளைக்கும். வேலியில் தெற்குக் கடைசியில் ஏழெட்டுப் போத்து கெட்டியாக இருந்தது, நகத்தால் கீறினேன், உள்ளே பச்சை. கோபத்தில் அன்றைக்கு உங்களுக்கு எழுதவில்லை. வெட்டின குச்சியை எரிக்காமல் ஒரு ஓரமாகப் போடுங்கள். ஓணான் வரும், அதைத் தேடிக்கொண்டு செம்போத்துப் பறவை வரும். நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. செய்யாமல் இருக்க வேண்டும். அது உங்களுக்குக் கஷ்டம்தான். எனக்கும் அப்படித்தான்.

புதுசாக வரும் பெண்ணுக்கு அந்த இடம் பிடிக்கவில்லை, கொரியன் புல்தான் வேண்டும் என்றால் அழித்துக்கொள்ளட்டும். அவள் வீடு. நான் கேட்க மாட்டேன்.

ஆனால் அந்தப் பெண்ணுக்கு என்றைக்காவது உடம்பு சுட்டால், சபரி எந்த ஊரில் இருந்தாலும் காத்திருக்காதீர்கள். அன்றைக்கே ஒரு வண்டியை வைத்து நாமக்கல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். அவள் அம்மாவுக்குப் போன் போட்டுக் கேட்க விடாதீர்கள்.

பதில் வேண்டாம். பத்திரிகையும் அனுப்ப வேண்டாம்.

செல்லாயி